தடியன்

இல்ல தம்பி, உக்கார வேணாம், நின்னே சொல்லிடறேன். உக்காந்தா ஒரு டீயக் கையில குடுத்து அனுப்பிடறீங்க இங்க. கீழ வாசல்ல இருக்கற அம்மா ஒரு டீ. கண்ணாடி ரூமுக்குள்ள இருக்கறவர் ஒரு டீ. அவர் டீயக் குடுத்துட்டு, அதான் வருத்தம் தெரிவிச்சுப் போட்டுட்டமே, இன்னும் என்னங்கங்கறார். போட்டீங்க. நான் இல்லேங்கல. இதோ, உங்க பேப்பரக் கொண்டுவந்திருக்கேன், பாருங்க. உள்பக்கத்துல, நேத்திக்கு எவ்வளவு வெயில் அடிச்சதுங்கற கட்டத்துக்கும், யாரோ சான்றிதழத் தொலைச்ச விளம்பரத்துக்கும் நடுவுல. படிங்க. நீங்களே படிங்க பாக்கலாம்.

கண்ணச் சுருக்கறீங்க, பாத்தீங்களா? தினம் பக்கம் அமைச்சு எழுத்தோடயே பொழங்கற ஆளு, நீங்களே சுருக்கறீங்க. எறும்பு செத்து வரிசையாக் கெடக்கற மாதிரி இருக்கு.

தப்பாப் போட்டது எப்படி இருந்தது? முதல் பக்கம். இந்த ஓரத்துல முட்டி அந்த ஓரத்துல முட்டி. பஸ்ல போறவன் ஜன்னல் வழியாப் படிக்கலாம். லிஃப்ட் மெக்கானிக் ஓட்டம். ஓடினான்னு சொல்றதுக்கு அவ்வளவு பெரிசு. ஓடலன்னு சொல்றதுக்கு இத்துணூண்டு. என்ன நியாயம் தம்பி இது? நான் மன்னிப்புக் கேக்கச் சொல்லல. நஷ்டஈடு வேணும்னு வக்கீலக் கூட்டிட்டு வரல. அதே எழுத்துல போடுங்க. அவ்வளவுதான். அதே எழுத்து, அதே தடிமன்.

அதுக்கு இப்ப என்னவோ பேர் சொன்னீங்களே. சரி, அது உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற பேரு. எங்க லிஃப்ட் பட்டறையில இந்த எழுத்துக்குத் தடியன்னுதான் பேரு. தடியன எடுடா, தடியன மாட்டுடா. குண்டா இருப்பான், ஆனா அகலமாப் பரவ மாட்டான். நெட்டையா நிப்பான். நெரிசல் பஸ்ல ஏறின பயில்வான் மாதிரி, தோள ஒடுக்கிக்கிட்டு, நெஞ்ச நிமித்திக்கிட்டு. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவுல பிளேடு போகாது. உள்ள இருக்கற ஓட்டையெல்லாம் கூட அடச்சுக்கிட்டிருக்கும், மூக்கடச்சவன் கத்தற மாதிரி. மெதுவாப் பேச வராது அவனுக்கு. ஒருவேளைங்கற வார்த்தைய அவன் வாயில போட்டுப் பாருங்க, அதுவும் மெரட்டலாத்தான் வெளிய வரும்.

சிரிக்காதீங்க. எனக்கு இப்ப அவனப் பாத்தா குமட்டுது. நெசமாச் சொல்றேன், வாய்ல எச்சி ஊறுதே வாந்திக்கு முன்னாடி, அப்படி. முன்னெல்லாம் கவனிச்சதே இல்ல. இப்ப எங்க திரும்பினாலும் அவன்தான். எலி மருந்தா, தடியன். மூட்டு வலித் தைலமா, தடியன். ஒரே வாரத்துல ஒல்லியாகலாம்னு போட்டிருக்கான், அதுக்கும் இந்தக் குண்டன்தான். எங்க தெருமுனையில ஒரு துணிக்கட, இன்றே கடைசின்னு தடியன்ல எழுதி வெச்சிருக்கான். எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியிலேருந்து அவனுக்கு இன்றே கடைசி. வெயில்ல வெளுத்து மஞ்சளாகி ஈ மொய்க்குது. இன்னும் கத்திக்கிட்டே நிக்கறான்.

ஆனா ஒண்ணு சொல்லணும். எனக்குச் சோறு போட்டவனும் அவன்தான். லிஃப்ட் பழுதானா நாங்க முதல்ல என்ன பண்ணுவோம்? மெயின அணைப்போம். அடுத்தது கதவுல பலக மாட்டுவோம். மஞ்சத் தகரத்துல கறுப்புத் தடியன். ஏறாதே. ஏறாதீர்கள்னு கூடக் கெடையாது, அதுக்கு நேரம் இல்ல. பேசிக்கிட்டே வர்றவன், போன நோண்டிக்கிட்டே வர்றவன், எல்லார் நெஞ்சுலயும் கைய வெச்சுத் தள்ளணும் அந்தப் பலக. அங்க அவன் கத்தணும். கத்தறதுக்குன்னே பொறந்தவன் அவன், அங்க கத்தினாத்தான் அழகு. மத்த எடத்துல கத்தறதுதான் அசிங்கம்.

அன்னைக்கும் மாட்டிட்டுத்தான் போனேன். பிரேக் கட்டை தேஞ்சு போயிருந்தது. மெயின அணச்சேன், கீழ்த்தளத்துல கதவுல பலகைய மாட்டினேன், அந்தக் கட்டடத்து மேனேஜர்கிட்ட வாயாலயும் சொன்னேன். சார், நான் கம்பெனி கிடங்குக்குப் போயி கட்டை வாங்கிட்டு வரேன், வேற ஊரு, ரயில்ல போய்ட்டு வரணும், அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு. போங்க போங்கன்னார். அவருக்கு என்ன கவலைன்னா, அன்னைக்குத் தலைமை ஆபீஸ்லேருந்து பெரிய ஆளுங்க வர்றாங்களாம். வாசல்ல பூந்தொட்டியெல்லாம் வெச்சாச்சு. சென்ட் அடிச்சு வெச்சிருக்காங்க, லிஃப்டு வாசல்ல நின்னா தும்மல் வருது. அந்த எடத்துல என் தடியன் தொங்கினா எப்படி இருக்கும்? கல்யாண வீட்டுல லுங்கிய மடிச்சுக் கட்டிட்டு நிக்கறவன் மாதிரி.

கழட்டிட்டார். கழட்டி, எங்க வெச்சாருங்கறீங்க? தொடப்பக்கட்டை வெக்கிற ரூம்ல. அதுக்குப் பதிலா ஒரு அட்டை, பித்தளைத் தாங்கியில. ஓரத்துல கொடி, இலை. எழுத்து மயிரிழை மாதிரி, சுருண்டு சுருண்டு போகுது. சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் புன்னகையே எங்கள் பலம். என்ன சிரமம், எதுக்கு வருத்தம், ஒண்ணும் இல்ல. நான் அந்த அட்டைய அப்புறம் போலீஸ் மேஜையில பாத்தேன். பாத்ததும் கைய சட்டையில தொடச்சுக்கிட்டேன். அதத் தொடக்கூட இல்ல தம்பி, சும்மாவே தொடச்சுக்கிட்டேன்.

மத்தியானம் ஷிஃப்ட் மாறி எலக்ட்ரீஷியன் வந்தான். ஒரு லிஃப்ட் நிக்குது, வாசல்ல கூட்டம் நெளியுது. பலக இல்ல. அட்டையப் பாத்தான், ஏதோ வரவேற்புன்னு நெனச்சுக்கிட்டான். நான் அவனக் குத்தம் சொல்ல மாட்டேன், எனக்கே அப்படித்தான் தோணியிருக்கும். மெயினப் போட்டான். மடமடன்னு ஏறினாங்க. மேல போயி, பாரத்துல நிக்காம வழுக்கிட்டு வந்து கீழ குத்துச்சு. வேலைக்கு நேர்காணலுக்கு வந்த ஒரு பொண்ணு, அதுக்கு ரெண்டு காலும் போச்சு. போச்சுன்னா, முறிஞ்சு போச்சு. இப்ப தாங்கு கட்டை வெச்சு நடக்குது, நான் போய்ப் பாத்தேன். அதோட அண்ணன் என்ன வெளிய போகச் சொல்லிட்டான். அவன் உங்க பேப்பரத்தான் படிச்சிருக்கான். வேற என்னத்தப் படிப்பான்?

நான் அந்த நேரத்துல ரயில்ல இருக்கேன். மடியில பிரேக் கட்டை, பொட்டலத்தோட. போன்ல சார்ஜ் இல்ல. அதான் ஓட்டமாம்.

யார் வெச்ச தலைப்புன்னு நான் கேக்கல. நீங்க இல்லன்னு தெரியும், நீங்க அன்னைக்கு லீவுன்னு கீழ சொன்னாங்க. உங்க கண்ணாடி ரூமுக்குள்ள இருக்கறவர் எனக்கு விளக்கமே குடுத்தாரு. பொறுமையா, பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுக்கற மாதிரி. இந்த எழுத்துல தலைப்பு வெச்சா ரெண்டு பக்கமும் முட்டணுமாம், அது இங்க வழக்கமாம். முட்டாம ஓரத்துல இடம் விட்டா பல்லு போன வாய் மாதிரி இருக்குமாம். பிதுங்கவும் கூடாதாம். முதல்ல மெக்கானிக்கைத் தேடுகிறார்கள்னுதான் அடிச்சுப் பாத்தாங்களாம். பிதுங்கிடுச்சாம். சரி, மெக்கானிக் எங்கேன்னு போட்டாங்களாம். இடம் மிச்சம் ஆயிடுச்சாம். லிஃப்ட் மெக்கானிக் ஓட்டம்னு போட்டதும் அப்படியே அச்சுல வார்த்த மாதிரி உக்காந்துடுச்சுங்கறார். சொல்லும்போது அவர் மூஞ்சியப் பாக்கணுமே நீங்க. நல்லா வெந்த சோத்தப் பாத்த மாதிரி ஒரு திருப்தி. நான் எங்க போனேன், எதுக்குப் போனேங்கறது அந்த எழுத்துல அடங்கலயாம் தம்பி. நான் எந்த அளவுல வாழ்ந்தா உங்களுக்குச் சரியா முட்டும்னு கேட்டேன். அப்பத்தான் டீ சொன்னாரு.

ஆமா, போலீஸ் விட்டுட்டாங்க. நானேதானே போனேன். விசயம் தெரிஞ்சதும் கட்டைய எடுத்துக்கிட்டு நேரா அந்தக் கட்டடத்துக்கே போனேன், ஓடினவன். ஸ்டேஷன்ல உக்கார வெச்சாங்க, கேட்டாங்க, தொடப்பக்கட்டை ரூம்லேருந்து பலகைய எடுத்தாங்க, என்ன அனுப்பிட்டாங்க. கம்பெனியிலயும் ஒண்ணும் சொல்லல. மேனேஜர வேற கிளைக்கு மாத்திட்டாங்க, அங்கயும் பூந்தொட்டி வெச்சிருப்பாரு. சட்டப்படி எல்லாம் சரி. ஆனா உங்க தடியன் போகல.

என் மச்சினன் இருக்கான், நாக்குல சனி. மாமா, முதல் பக்கத்துலயே வந்துட்டீங்க, இனிமே எங்களையெல்லாம் ஞாபகம் வெச்சுப்பீங்களாங்கறான். பக்கத்து வீட்டுக்காரர் என்னப் பாத்தா, எங்க சார், அவசரமான்னு கேக்கறார். பொடிநடையாப் பால் வாங்கப் போறேன், அவசரமாம். நான் இப்ப பஸ் பின்னாடிகூட ஓடறது இல்ல. போனாப் போகுதுன்னு நின்னுக்கறேன். ஒருநா பட்டறையில யாரோ திங்கறதுக்கு வாங்கிட்டு வந்தாங்க, எண்ணெய்ப் பலகாரம். பொட்டலத்தப் பிரிச்சா உள்ள நான். எண்ணெய் ஊறி, கறுப்பு மசி பலகாரத்துல ஒட்டிக்கிட்டு, ஓட்டங்கற எழுத்து திருப்பி அச்சாயிருக்கு அதும்மேல. அத ஒருத்தன் தட்டி விட்டுட்டுத் தின்னான். எனக்கு எழுந்து போயி வாயக் கொப்புளிக்கணும் போல இருந்தது. நான் அத வாயிலயே வெக்கல.

பேப்பர்கூடப் பரவாயில்ல, பழசாயிடும். போஸ்டர் அடிச்சு ஒட்டுனீங்க பாருங்க. எங்க பஸ் ஸ்டாப்புல, கம்பத்துல, எங்க தெருவுக்குள்ள வர்ற சுவத்துல. என்ன பசை போடறீங்க அதுக்கு? கிழிச்சேன். யாரும் இல்லாத நேரமாப் பாத்து நகத்தாலயே கிழிச்சேன், திருடன் மாதிரி. பாதிதான் வருது. அதுல ஒரு விசயம் கண்டுபிடிச்சேன், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தடியன பாதி கிழிச்சாலும் படிக்கலாம். கீழ்ப்பாதி போனாலும் மேல்பாதி நின்னு கத்துது. தண்ணி ஊத்திச் சொரண்டிப் பாத்தேன். காகிதம் போயிடுச்சு, மசி சுவத்துல நிக்குது.

இல்ல, இருங்க. அதத்தான் உள்ள இருக்கறவரும் சொன்னாரு. ஜனங்க ஒரு வாரத்துல மறந்துடுவாங்க, நீங்கதான் ஞாபகப்படுத்திக்கிட்டு இருக்கீங்கன்னு. ஜனங்க மறக்கட்டும். ஞாபகம் வெச்சுக்கட்டும். எனக்கு ஜனங்களப் பத்தி இல்ல தம்பி.

எனக்கு ஒரு பொண்ணு. ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டாங் கிளாஸ். எல்லாம் நல்லாச் சொல்லுவா, கணக்கெல்லாம் வாயாலயே போடுவா. படிக்கத்தான் வராது. புத்தகத்தத் தெறந்தா எழுத்து ஊருதுங்கறா. பூச்சி மாதிரி ஊருதுப்பா, புடிக்கறதுக்குள்ள ஓடிடுதுங்கறா. டீச்சர் என்னக் கூப்புட்டு, வீட்ல கவனிக்கறதில்லயான்னாங்க. வீட்ல அவ அம்மா உக்காத்தி வெச்சு, ரெண்டு பேரும் அழுதுக்கிட்டு எழுந்துப்பாங்க. நான் ஒருநா பட்டறையிலேருந்து பழைய பலக ஒண்ண வீட்டுக்குக் கொண்டு வந்தேன், தொட்டி மேல மூடறதுக்கு. அதுக்கு முன்னாடி உக்காந்துக்கிட்டு விரல வெச்சுத் தடவறா. அப்பா, இது ஊரலப்பாங்கறா. இது அப்படியே நிக்குதுங்கறா.

நின்னான் தம்பி, அந்தத் தடியன். அவ முன்னால அசையாம நின்னான். நான் பட்டறையில தகரத்துல ஒவ்வொரு எழுத்தா வெட்டி எடுத்துட்டு வருவேன். அத்தன தடிமனா இருந்தாத்தான் அவளுக்குப் புடிபடுது. வேற எந்த எழுத்துல குடுத்தாலும் மூஞ்சியத் திருப்பிக்கறா. ஒரு எழுத்துக்கு ஒரு வாரம், பத்து நாள். அவசரப்படுத்தறது இல்ல.

மறுநா காலையில ரயில விட்டு எறங்கி, பஸ் புடிச்சு வந்து எறங்கறேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. ஸ்டாப்புல ரெண்டு பேரும் நிக்கறாங்க, அம்மாவும் பொண்ணும், என்னக் கூட்டிட்டுப் போக. என் சம்சாரத்துக்கும் ஒண்ணும் தெரியாது, போஸ்டர அப்பத்தான் ஒட்டிட்டுப் போயிருக்கான், பசை வழியுது. பொண்ணு என் கையப் புடிச்சு இழுத்து, அப்பா அப்பா இரு, பேசாத, நான் சொல்றேங்கறா. விரல நீட்டி, ஓ. நிறுத்தறா. ட். ட. ம். அப்புறம் கண்ண மூடிக்கிட்டுச் சேத்துச் சொல்றா. ஓட்டம்.

அவ பொறந்து தானாப் படிச்ச முதல் வார்த்த. யாரும் சொல்லித் தரல. நான் பையக் கீழ போட்டுட்டுக் கை தட்டினேன். தூக்கிச் சுத்தினேன். பஸ் ஸ்டாப்புல எல்லாரும் பாக்கறாங்க. எங்களப் பாத்துச் சிரிக்கறாங்கன்னு நெனச்சேன். சுத்தி எறக்கி விட்ட அப்புறந்தான் மீதியப் படிச்சேன்.

அவ கேக்கறா, யாருப்பா ஓடினாங்க?

தெரியலம்மான்னேன். யாரோன்னேன்.

இப்ப தினம் அந்தச் சுவத்துப் பக்கமாத்தான் பள்ளிக்கூடம் போறா. தினம் ஒரு தடவ படிச்சுட்டுப் போறா, அவ படிச்ச முதல் வார்த்தையாச்சே, பெருமை. நான் கிழிச்சதுல லிஃப்ட் போயிடுச்சு, மிச்சம் நிக்குது. அவ படிப்பும் நிக்காம போய்க்கிட்டிருக்கு. க வந்துடுச்சு, கா வந்துடுச்சு. போன வாரம் ம கூடக் கொம்பு சேத்து, அப்பா இது மெ-ங்கறா. இன்னும் னி வந்தா மெக்கானிக்னு முழுசாப் படிச்சுடுவா. எம்பொண்ணு படிக்கறாளேன்னு சந்தோசப்படறதா, மெதுவாப் படிம்மான்னு வேண்டிக்கறதா? ரெண்டு நாளாப் புது எழுத்து எதுவும் சொல்லிக்குடுக்கல. தகரம் இல்லம்மா, தீந்து போச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவ தகரத்துக்காகக் காத்துக்கிட்டிருக்கா.

வாயாலச் சொல்லிடலாமேன்னா? சொல்லலாம். அப்பா ஓடலம்மான்னு. சுவத்துல அவ்வளவு பெரிசா எழுதியிருக்கு, அப்பா வாயாலச் சொல்றான். நீங்க எத நம்புவீங்க?

அதான் வந்தேன். உங்களால முடியாதுன்னு சொல்லாதீங்க. கீழ அந்த அம்மா சொன்னாங்க, கடைசி நேரத்துல விளம்பரம் வராமப் போச்சுன்னா முதல் பக்கத்துல அடியில கட்டம் காலியா நிக்கும், அதுல உங்கள் விளம்பரம் இங்கேன்னு நீங்களே எதையாவது அடிச்சு நெரப்புவீங்கன்னு. ஒரே ஒரு நாள் அந்த எடம். செய்தி வேணாம், விளக்கம் வேணாம், அந்த மேனேஜர் பேர், ஒண்ணும் வேணாம். ரெண்டே வார்த்த. மெக்கானிக் ஓடவில்லை.

அடிச்சுத்தான் பாருங்களேன். முட்டுதா ரெண்டு பக்கமும்? யோசிச்சுத்தான் வெச்சிருக்கேன், அவளுக்குத் தெரிஞ்ச எழுத்தாப் பாத்து. மெ தெரியும். க, கா தெரியும். னி பாதி வந்தாச்சு, சீக்கிரம் வந்துடும். ஓ-வும் ட-வும் கேக்கவே வேணாம். வ, வி ரெண்டும் தெரியும், ல தெரியும். லை மட்டும் இன்னும் சொல்லிக்குடுக்கல. அத இன்னைக்குச் சாயங்காலமே வெட்டிக் குடுத்துடறேன்.

அந்த ஜன்னல் வெயில் நேரா உங்க ஸ்கிரீன்ல விழுது. நான் இப்படிக் கொஞ்சம் தள்ளி நின்னுக்கறேன். ம். அடிங்க.